சளியை அளக்கும் மகளுக்கு

டர்பன்

அன்புள்ள கண்ணுக்கு,

சளியின் விறைப்பை அளக்கும் ரியோமீட்டர் உன் பொறுப்புக்கு வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் தட்டில் வைத்தது நெஞ்சுச் சளியா எச்சிலா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நீதான்.

நோயாளியை முதலில் வாய் கொப்பளிக்கச் சொல். சளியைப் பெட்ரி தட்டில் ஊற்றிக் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பார்: எச்சில் நுரையோடு ஓடும், நெஞ்சுச் சளி மங்கலான கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியை மட்டும் ஸ்பாட்டுலாவால் எடு. குறுகிய முனைப் பிப்பெட்டில் உறிஞ்சினால், சளியைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் மியூசின் என்ற புரத வலை அறுந்துவிடும். செல் எண்ணுபவர்கள் சளியைக் கரைக்க டைதியோத்ரைட்டால் சேர்ப்பார்கள். உன் பங்கை அதற்கு முன்பே ஒதுக்கிவிடு.

நம் தென்னாப்பிரிக்காவில் காசநோயை மறந்து எந்தச் சளிக் கோப்பையையும் திறக்கக் கூடாது. சூடாக்கியோ மருந்து போட்டோ கிருமியைக் கொன்றால் சளியின் தன்மையும் கெட்டுப்போகும். ஆகவே காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையின் முடிவு வரும்வரை காத்திரு. நெகட்டிவ் என்றாலும் கிருமிக் காற்றை வெளியே விடாத பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் பிரித்தெடு, என்95 மாஸ்க்கைக் கழற்றாதே. இதில் அவசரமே வேண்டாம்மா.

ரியோமீட்டர் தட்டை 37 டிகிரியில் வை. முதலில் 1 ஹெர்ட்ஸில் (நொடிக்கு ஓர் அசைவு) ஸ்ட்ரெயினை, அதாவது சளியை இழுக்கும் அளவை, மெல்லக் கூட்டி, மீள்தன்மை (ஜி பிரைம்) எதுவரை மாறாமல் நிற்கிறது என்று பார். அந்த எல்லைக்குள்தான் ஃப்ரீக்வென்சி ஸ்வீப், அதாவது அசைவின் வேகத்தை மாற்றி மாற்றி அளப்பது. திடீரென எண் சரிந்தால், சளி உடைந்தது என்று உடனே முடிவு கட்டாதே. வழவழப்பான தட்டில் வழுக்கியிருக்கலாம். சொரசொரப்பான தட்டைப் போட்டு மறுபடி அள. அதே அளவீட்டைத் திரும்ப எடுக்கும்போது எண் ஏறிக்கொண்டே போனால் ஓரம் காய்கிறது. நீ இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலக் காற்று நம் கடற்கரைக் காற்று மாதிரி இல்லை, சீக்கிரம் உலர்த்திவிடும். ஈரப்பஞ்சு வைத்த மூடியில்லாமல் தொடங்காதே.

திடப்பொருள் சதவீதத்தையும் கூடவே எடு. ஆரோக்கியமான சளியில் அது 2 சதவீதம் அளவில்தான், அதிலும் கிட்டத்தட்ட பாதி உப்பு. 100 மில்லிகிராம் சளியை ஓவனில் இரவு முழுக்கக் காயவைத்தால் 2 மில்லிகிராம்தான் மிஞ்சும், அதனால் 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். சதவீதம் கொஞ்சம் ஏறினாலே விறைப்பு பல மடங்கு ஏறும். காசநோய் குணமாகியும் மூச்சுக்குழல் விரிந்துபோய் இருமிக்கொண்டே இருப்பவர்களின் சளியில் திடப்பொருள் சதவீதம், விறைப்பு என்ற இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான், சளி வற்றிக் கெட்டியானதா, சீழின் டிஎன்ஏ சேர்ந்து கெட்டியானதா என்று யோசிக்க வழி பிறக்கும்.

மின்வெட்டில் ஃப்ரீசர் உருகியிருந்தால் அந்த மாதிரிகளை ரியோமீட்டரில் ஏற்றாதே. முதல் ஸ்ட்ரெயின் வரைபடம் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா