எரிச்சல் வரும் நேரம்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே சௌக்கியம். சரசுவுக்குத்தான் மூட்டுவலி விட்டபாடில்லை.

ரிட்டயர் ஆனதிலிருந்து தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது, சுபாவமே மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். சுபாவம் என்று முத்திரை குத்திவிட்டால் அப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். எந்த நேரத்தில் வருகிறது, யாரிடம் வருகிறது என்று கொஞ்சம் கவனி.

நான் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். மனம் சுருக்கென்றால் உடனே குறித்துவிடுவேன். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: 'மாலை 6.40. மாத்திரை போட்டீங்களா மாமா என்று மருமகள் கேட்டாள். தாடை இறுகியது. மனதில் ஓடியது: என்னை ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்கிறார்கள்.' அடுத்த பக்கங்களில் பேங்க் கவுண்டரில் ஒரு பையன், போனில் ஏதோ சரிசெய்து கொடுத்த மகன். ஆள் வேறு, இடம் வேறு, மனதில் ஓடிய வாக்கியம் மட்டும் அதேதான். அதைப் பார்த்தபிறகு மருமகள்மேல் இருந்த வருத்தம் பாதி போய்விட்டது. இப்போதெல்லாம் தாடை இறுகும்போதே தெரிந்துவிடுகிறது. எரிச்சல் வரத்தான் செய்கிறது, ஆனாலும் "போட்டுட்டேன்மா" என்று சொல்ல முடிகிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் சொன்னது. நடந்த விஷயத்துக்கும் நமக்கு வரும் உணர்ச்சிக்கும் நடுவே, நாம் கூப்பிடாமலே ஓர் எண்ணம் ஓடிவிடுகிறது. அதைப் பிடித்து எழுதினால்தான் அது நிஜமா என்று விசாரிக்க முடியும். இன்றும் ஆலோசனைக்குப் போகிறவர்களிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து இதைத்தான் எழுதச் சொல்கிறார்கள்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதாதே. அதற்குள் நம் பக்க நியாயமெல்லாம் வந்து சேர்ந்துவிடும். கோபப்பட்டது சரியா தப்பா என்ற தீர்ப்பும் வேண்டாம்.

இன்னொன்று. நீ எழுதிய இரண்டு சண்டையும் காலை பதினொரு மணிக்கு நடந்திருக்கின்றன. ஆபீசில் தபால் கட்டோடு ஆட்கள் உன் மேஜையைச் சுற்றி நிற்கும் நேரம் அது. இப்போது அந்த நேரத்தில் வீட்டில் உன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, இல்லையா? நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நீயே பார்த்து எழுது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
ராமு