சியரா லியோனின் சோற்றுப்பானை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சியரா லியோன் என்ற பெயர் நம் பத்திரிகைகளில் அடிபடும்போதெல்லாம் ரத்த வைரம், வெட்டப்பட்ட கைகள், எபோலா என்ற மூன்றும் கூடவே வந்துவிடுகின்றன. மூன்றும் உண்மைதான். ஆனால் போர் ஓய்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாடு ஏன் இன்னும் தள்ளாடுகிறது என்று கேட்டால், இந்த மூன்றிலும் முழு விடை கிடைக்காது. பெரும்பகுதி விடை அங்குள்ள அரிசியில் இருக்கிறது. சோறு தின்று வளர்ந்த நம் வாசகர்களுக்கு அது எளிதில் விளங்கும் என்பதால் இக்கடிதம்.

நாட்டின் பரப்பு 71,740 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதியைவிடச் சற்றே பெரிது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 75 லட்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி செலவாகிறது. மரவள்ளி இலையை உரலில் இடித்து, சிவப்புப் பனை எண்ணெயும் நிலக்கடலை விழுதும் சேர்த்துக் கொதிக்க வைத்த குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். கிழங்கோ ரொட்டியோ எவ்வளவு தின்றிருந்தாலும், சோறு உள்ளே போகவில்லையென்றால் ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்பதுதான் அங்கே பேச்சு. கடற்கரைப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இத்தனை மழை பெய்யும் நாடு அரிசியை இறக்குமதி செய்கிறது.

1991 மார்ச் 23 அன்று லைபீரிய எல்லையிலுள்ள கைலாஹுன் மாவட்டத்தில் புரட்சி ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப் படை நுழைந்ததோடு போர் தொடங்கியது. 2000 ஜூலையில் ஐ.நா. அமைதிப்படையிலிருந்த நம் இந்திய வீரர்கள் கிளர்ச்சியாளர்களின் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது இதே மாவட்டத்திலிருந்துதான். வைரத்துக்காக மூண்ட போர் என்று பொதுவாகச் சொல்வார்கள். போருக்குத் தீனி போட்டது வைரம். ஆனால் நெருப்புப் பற்றிய இடம் வேறு. ஊர்த்தலைவர்கள் விதித்த அபராதங்கள், கூலியில்லாத கட்டாய உழைப்பு, நிலம் கிடைக்காமை, தலைநகரின் ஊழல் என எல்லாம் சேர்ந்து கிராமத்து இளைஞர்களை விரக்தியில் தள்ளியிருந்தன. 2004-இல் வெளிவந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையும் மோசமான ஆட்சியையே முதற்காரணமாகச் சொன்னது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து கிழக்கே ஓடிய ரயில் பாதையை 1970-களின் நடுப்பகுதியிலேயே மூடிவிட்டிருந்தார்கள்.

போர் முழுவதிலும் அரிசி குறுக்கே வந்துகொண்டே இருந்தது. கிளர்ச்சியாளர்களும் சரி, படையினரும் சரி, முதலில் விதைநெல்லைத்தான் கொள்ளையடித்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த உழவர்கள் அதிகக் கவனிப்பு தேவைப்படாத பழைய ஆப்பிரிக்க நெல் வகைகளை மீண்டும் விதைத்துப் பிழைத்தார்கள். 1997 மே மாத இராணுவப் புரட்சிக்குப் பின்னாலிருந்த மனக்கசப்புகளில் ஒன்று, சிப்பாய்களுக்கான மானிய அரிசியில் அரசு கைவைத்தது. 2002 ஜனவரி 18 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 50,000 பேர் இறந்திருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

72,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அவர்களில் சுமார் 6,800 பேர் சிறுவர் சிறுமியர். துப்பாக்கியைக் கொடுத்தால் அடையாள அட்டை, முகாமில் சில நாள், கையில் கொஞ்சம் பணம், பிறகு சில மாதத் தொழிற்பயிற்சி என்பது நடைமுறை. தையல், தச்சு, சோப்புத் தயாரிப்பு ஆகியவற்றை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிற்றூருக்கு எத்தனை தையல்காரர் வேண்டும்? பயிற்சி முடிந்ததும் கொடுத்த கருவிப்பெட்டியைப் பலர் விற்றுவிட்டார்கள். போ, கெனிமா, மெகேனி நகரங்களில் அந்த இளைஞர்களுக்கு உண்மையில் வேலை கொடுத்தது ‘ஒகாடா’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்தான். இன்று அங்கே ஓடும் இருசக்கர வண்டிகளிலும், ‘கேக்கே’ என்றழைக்கப்படும் ஆட்டோக்களிலும் பஜாஜ், டிவிஎஸ் பெயர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த இளைஞர்களை வயலுக்கு இழுக்க எந்தத் திட்டத்தாலும் முடியவில்லை. அதற்கு இளைஞர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அங்கே நெல் இரண்டு விதமாக விளைகிறது. முதலாவது மேட்டு நிலச் சாகுபடி. ஜனவரி முதல் மார்ச் வரை காட்டை வெட்டிக் காயவிட்டு, மழைக்கு முன் சுட்டு, மே, ஜூனில் விதையைத் தூவிக் கொத்திவிடுவார்கள். நம் சங்கப் பாடல்களில் வரும் தினைப்புனத்தின் வேலை முறை ஏறக்குறைய இதுவே. கதிர் பிடித்ததும் பிள்ளைகளும் பெண்களும் பரணிலிருந்து கவண்கல் வீசித் தூக்கணாங்குருவிக் கூட்டத்தை விரட்டுவது வரை ஒற்றுமை உண்டு. குருவியைவிடப் பெரிய எதிரி, ‘கட்டிங் கிராஸ்’ என்று அவர்கள் சொல்லும் பெரிய புல்லெலி. ஒரே இரவில் ஒரு பாத்தியையே அறுத்துப் போட்டுவிடும். வயலைச் சுற்றிப் பனையோலையால் தாழ்வான வேலி கட்டி, இடைவெளிகளில் கண்ணி வைப்பார்கள். முன்பு ஒரு காட்டை வெட்டினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைத் தரிசாக விடுவார்கள். இப்போது நான்கைந்து ஆண்டுகளிலேயே திரும்ப வெட்டுகிறார்கள். மண் தேறுவதில்லை, களை மண்டுகிறது. ஹெக்டேருக்கு ஒரு டன் நெல் வந்தால் பெரிது.

இரண்டாவது, குன்றுகளுக்கிடையே உள்ள பள்ளத்துச் சதுப்பு நிலம். நாட்டின் சோற்றுப்பானையை நிரப்பக்கூடிய நிலம் இதுதான். ஆனால் திருத்துவது கடினம். முதலில் கோடையில் போய்ப் பார்க்க வேண்டும். பிப்ரவரியிலும் ஈரம் வற்றாத பள்ளத்தைத் தேர்ந்தால்தான் உழைப்பு வீண்போகாது. மரம் வெட்டுவது எளிது, வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுப்பதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. அதைப் பாதியில் விட்ட வயலில் பவர் டில்லரை இறக்கினால் முதல் நாளே கத்தி உடையும். அப்புறம் பள்ளத்தின் தலைப்பில் குறுக்குக் கரை, இரு பக்கக் குன்றடியிலும் ஓரக் கால்வாய், நடுவே வடிகால், குறுக்கே வரப்புகள், கடைசியில் ஒவ்வொரு பாத்தியையும் மட்டப்படுத்துவது என்று வேலை நீள்கிறது. தலைப்புக் கரையில் மிகுநீர் வெளியேறும் கலிங்கு சிறிதாக இருந்துவிட்டால் ஆகஸ்ட் வெள்ளம் கரையை ஒரே இரவில் உடைத்துக்கொண்டு போய்விடும். கரை மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்காமல் குவித்து வைத்தாலும் இதே கதிதான். மீதியை நண்டு வளை முடித்துவைக்கும்.

அந்த ஓரக் கால்வாயை வெறும் பாசன வாய்க்கால் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் முக்கியமான வேலை இரும்பைத் தடுப்பது. குன்றுகள் செம்பாறை மண்ணாலானவை. அங்கிருந்து கசியும் நீர், காற்றோட்டமில்லாத சேற்றில் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து பயிரின் வேரில் சேர்க்கிறது. தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பதுபோல் துருப்படலம் தெரியும். நட்ட மூன்று நான்கு வாரத்தில் அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் இறங்கும், பிறகு இலை முழுவதும் செம்மஞ்சளாகும், தூர் கட்டாது. புதிதாக வருபவர்கள் இதைத் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போட்டுக் காசை வீணாக்குகிறார்கள். கசிவு நீரை ஓரக் கால்வாயில் வாங்கி வெளியேற்ற வேண்டும். நடுப்பருவத்தில் ஒரு வாரம் வயலை வடிய விட்டுக் காற்றாட வைத்து, மறுபடி நீர் கட்ட வேண்டும். பொட்டாஷ் கொடுத்தால் பயிர் தாங்கும். 1934 முதல் இயங்கும் ரோக்குபர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களில் இரும்பைத் தாங்குபவையும் உண்டு. வடிய விட்ட பின் நீர் கட்டத் தலைப்புக் கரை வேண்டும். கரை உடைந்த வயலில் யாரும் வடிய விடத் துணிய மாட்டார்கள். ஒன்று கெட்டால் எல்லாம் கெடும்.

நாற்று 21 முதல் 28 நாளுக்குள் வயலுக்கு வந்துவிட வேண்டும். அங்கே நாற்பது, ஐம்பது நாள் நாற்றைக்கூட நடுகிறார்கள். நடவு நேரமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் பட்டினிக் காலம். பழைய நெல் தீர்ந்திருக்கும், புது நெல்லுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். வேலையாட்களுக்குச் சோறு போட அரிசி இருப்பவன் வயலில்தான் நடவுக் கூட்டம் முதலில் இறங்கும். ஏழையின் வயல் கடைசி. வீட்டுக்கு அரிசி இல்லாதவன் வணிகரிடம் ஒரு மூட்டை வாங்கி அறுவடையில் இரண்டாகத் திருப்புவது அங்கே வழக்கம். பெண்களின் ‘ஓசுசு’ என்னும் சுழற்சிச் சீட்டு இந்தக் கடனிலிருந்து பல வீடுகளைக் காக்கிறது. நீர்க்கட்டுப்பாடு சரியாக அமைந்தால் ஹெக்டேருக்கு இரண்டரை, மூன்று டன் எடுக்கலாம்.

அப்படியிருந்தும் சதுப்புக்கு வர மக்கள் தயங்குகிறார்கள். மேட்டு நிலத்தில் நெல்லோடு மரவள்ளி, சோளம், எள், மிளகாய், வெண்டை எல்லாம் கலந்து வரும். குழம்புக்கான அத்தனையும் பெண்கள் அங்கிருந்துதான் கொண்டுவருகிறார்கள். சதுப்பில் கிடைப்பது நெல் ஒன்றே. அதோடு அட்டைக் கடியும், நத்தை பரப்பும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழு நோயும் வேறு. நீரில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்குத்தான் அந்த நோயின் கொடுமை தெரியும்.

இதைவிடப் பெரிய தடை நிலவுரிமை. மாகாணங்களில் நிலம் பரம்பரைக் குடும்பங்களுக்குச் சொந்தம், தலைவர் அதற்குக் காவலர். வெளியூரிலிருந்து வந்தவரும், குடும்பத்தின் இளைய மகன்களும், பெண்களும் கேட்டு வாங்கித்தான் பயிரிட முடியும். ஒருவர் இரண்டு கோடை உழைத்து வேர்க்கட்டை பிடுங்கி, வரப்பு போட்டு, வயலை மட்டப்படுத்தி முடித்த பிறகு உரிமையாளர் குடும்பம் நிலத்தைத் திரும்பக் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த ஆண்டு கைவிட்டுப் போகக்கூடிய நிலத்தில் யார் கலிங்கு கட்டுவார்? போருக்கு முன்பிருந்த அதே மனக்குறை இது. 2022-இல் நிறைவேறிய வழக்காற்று நிலவுரிமைச் சட்டமும் தேசிய நில ஆணையச் சட்டமும் பெண்களுக்குச் சம உரிமையையும், குடும்பத்தின் சம்மதமின்றி நிலம் கைமாறக் கூடாது என்ற பாதுகாப்பையும் கொடுத்திருக்கின்றன. போருக்குப் பின் வந்த சட்டங்களில் மிகவும் முக்கியமானவை இவையே என்று சொல்வேன். ஆனால் குத்தகையை எழுத்தில் போட்டு, ஐந்தாறு ஆண்டுக்கு உறுதி வாங்கும் பழக்கம் கிராமத்தில் ஊன்றினால்தான் சட்டம் வயலுக்கு வரும்.

வைரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோனோ மாவட்டத்தில் மேல்மண்ணை வெட்டித் தள்ளி, சரளையை எடுத்து, நீரில் சல்லடையால் அலசுபவர்களுக்குப் பணம் போடும் முதலாளியிடமிருந்து கிடைப்பது நாளுக்கு இரண்டு கப் அரிசியும் சொற்பக் காசும். கல் கிடைத்தால் பங்கு உண்டு, ஆனால் விலையைச் சொல்பவர் அதே முதலாளி. அரிசி விலை ஏறும் ஆண்டுகளில் உழவர்களே வைரக் குழிக்கு வேலைக்குப் போகிறார்கள். குழி தோண்டிய சதுப்பில் மேல்மண் அடியில் போய்விடுவதால் மறுபடி நெல் விளைவது கடினம். ஏற்றுமதி வரி 3 சதவீதத்தில் கால் பங்கு சுரங்க ஊர்களுக்கே திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடு 2001 முதல் இருக்கிறது. அந்தத் தொகையை முதலில் குழிகளை மூடச் செலவிட வேண்டும்.

விளைந்த நெல்லும் சந்தையில் தோற்கிறது. ஃப்ரீடவுன் கடையில் கேட்டால், உள்ளூர் அரிசி ருசி, ஆனால் கல் இருக்கிறது என்பார்கள். வெறுந்தரையில் அடித்து, சாலையோரம் காயவைப்பதால் வரும் கல் அது. பெண்கள் தகர டிரம்மில் நெல்லை அவித்துப் புழுங்கல் ஆக்குகிறார்கள். அவித்த நெல்லைச் சுடுவெயிலில் ஒரே மூச்சில் காயவைத்தால் ஆலையில் நொறுங்கிக் குருணையாகும். பாதி காய்ந்ததும் நிழலில் குவித்து ஓரிரு மணி நேரம் வைத்து மறுபடி காயவைக்க வேண்டும் என்பது நம் ஊர் ஆலைக்காரர்களுக்குத் தெரிந்ததே. 2010-க்குப் பின் விவசாய வணிக மையங்கள் என்று கட்டிடமும் ஆலையும் பல இடங்களில் வந்தன. அவற்றில் பல ஓடவில்லை. வரும் நெல்லுக்கு டீசல் செலவு கட்டவில்லை, பெல்ட்டும் ரப்பர் உருளையும் தேய்ந்தால் மாற்று கிடைக்கவில்லை, மழைக்காலத்தில் சாலை இல்லை.

நாடு முன்னேறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2007-இலும் 2018-இலும் வாக்குச்சீட்டால் ஆட்சி எதிர்க்கட்சிக்கு மாறியது. 2010-இல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் வந்தது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,165 தாய்மார் இறப்பு என்று 2013 ஆய்வு சொன்னது 2019 ஆய்வில் 717 ஆனது. இடையில் 3,956 பேரைப் பலிகொண்ட எபோலாவையும் கடந்துதான் இதைச் சாதித்தார்கள். அந்த நோய்க்காலத்தில் வாரச்சந்தைகள் மூடப்பட்டு, நடவுக் கூட்டங்கள் கூட முடியாமல் போனது பட்டினியைக் கூட்டியது.

அங்குள்ள அரிசி விலையில் இந்தியாவுக்கும் நேரடிப் பங்கு உண்டு. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதியையும், 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் நம் அரசு தடை செய்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. 2024 செப்டம்பரில்தான் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அந்த நாட்களில் நம் செய்திகளில் இங்குள்ள விலை மட்டும் பேசப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் தகரக் கப்பால் அரிசி அளந்து வாங்குபவர்களைப் பற்றி ஒரு வரி வந்ததாக நினைவில்லை. 2023 அக்டோபரில் சியரா லியோன் அரசு உள்நாட்டு உணவு உற்பத்தியைப் பெருக்கும் ‘ஃபீட் சலோன்’ திட்டத்தைத் தொடங்கியதற்கு இத்தகைய விலை அதிர்ச்சிகளும் ஒரு காரணம்.

தங்கள் நாளிதழ் இனி அரிசி ஏற்றுமதி பற்றி எழுதும்போது, வாங்கும் நாடுகளின் நிலையையும் ஒரு பத்தியாவது சேர்க்க வேண்டுகிறேன். அங்கே தொழில் தொடங்கவோ தொண்டு செய்யவோ போகும் தமிழர்களுக்கும் ஒன்று: புது டிராக்டருக்குப் பதிலாகத் தார்ப்பாய், கல்நீக்கும் சல்லடை, இரண்டு ஆண்டுக்கான ரப்பர் உருளை, உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளத்தோடு பயிற்சி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். போகும் மாதம் பிப்ரவரியாக இருக்கட்டும். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்