வெறும் வயிற்றோடு கிளம்பாதே

10.12.2025

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் குட்டிப்பயலும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். நீயும் "மீட்டிங் இருக்கிறது அப்பா, அப்புறம் பேசுகிறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இன்றோடு 22 நாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னேன்.

நவம்பரில் உயிர்ச்சான்று கொடுத்தாகிவிட்டது. விரல் ரேகை இந்த ஆண்டும் விழவில்லை. தேய்ந்துவிட்டது என்கிறான் கணினி மையத்துப் பையன். கடைசியில் முகத்தைப் படம் பிடித்து அனுப்பினான். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மேட்டுத்தெரு சுபேதார் ஐப்பசியில் போய்விட்டதைச் சொன்னேன் அல்லவா? அவர் வீட்டில் பென்ஷனைக் குடும்ப ஓய்வூதியமாக மாற்ற அலைகிறார்கள். தென்னைக்கு உரம் வைத்தாயிற்று. உன் அத்தை மகன் போன மாதம் பெங்களூர் வந்திருந்தானாம். ஒரு புதன்கிழமை காலை லால்பாக் போனானாம். பூவெல்லாம் நன்றாக இருந்தது என்றான்.

காலையில் எங்கே போவதாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. வெறும் வயிற்றோடு கிளம்பாதே.

ஞாயிற்றுக்கிழமை கொடிநாள். நீ ஐந்தாம் வகுப்பில் உண்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கொடி விற்றாயே, அதே டிசம்பர் 7. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று பட்டையும் எதற்கு என்று வீடு வீடாக விளக்கம் வேறு சொன்னாய். தரைப்படையைச் சொல்லிவிட்டுக் கடற்படையும் விமானப்படையும் எது எது என்று குழம்பி, கிணற்றடியில் வந்து என்னிடம் கேட்டாய். 1949-இலிருந்து இந்த நாள் நடக்கிறது. ஆனால் நம் ஊரைத் தேடி யாரும் வந்ததில்லை. கம்மவான்பேட்டைக்குத்தான் ராணுவப்பேட்டை என்று பெயர் இருக்கிறது, பேப்பர்காரர்களும் அங்கேதான் போவார்கள். இந்த ஆண்டு வேலூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் வந்தார்கள். தங்களுக்குள் காசு சேர்த்து, எழுபது வயது தாண்டிய பழைய படைவீரர்களுக்கு ஆளுக்கொரு பை. துணிப்பைதான். உள்ளே ஒரு சால்வை, ஒரு டார்ச், ஹார்லிக்ஸ் பாட்டில், பேரீச்சம்பழப் பொட்டலம், மாத்திரை போட்டு வைக்க ஏழு அறை உள்ள பெட்டி, அரசாங்க உதவிகளின் விவரம் அச்சடித்த ஒரு தாள்.

மாத்திரைப் பெட்டியில் உன் அம்மா ஏலக்காயும் கிராம்பும் போட்டு வைத்துவிட்டாள். திங்கள் என்றால் ஏலக்காய். ஹார்லிக்ஸைக் குட்டிப்பயலுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். காலாவதித் தேதி அடுத்த ஆகஸ்ட். அதற்குள் வருவீர்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எங்களுக்கு ஒரே வெட்கம். சட்டையில் காகிதக் கொடி குத்தும்போது ஒரு பையனுக்குக் கை நடுங்கியது. தபால்காரர் வீட்டுப் பெரியவர் மெடலை எல்லாம் குத்திக்கொண்டு வந்துவிட்டார், 1965, 1971 இரண்டும். நான் குத்தவில்லை. எங்கே வைத்தேன் என்று தேடவும் இல்லை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் காலடியிலும் பையைப் பிரித்துக் காட்டினாள். "தாத்தா, நீங்கள் எந்த ரெஜிமென்ட்?" "மெட்ராஸ் சாப்பர்ஸ் அம்மா, ராணுவத்தின் பொறியாளர் படை. எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்." அந்தப் பெண் சிரித்தது. எழுபத்தைந்து வயதில் தம்பி!

பட்டியலில் பதினெட்டுப் பேர். எந்தப் பட்டியல் என்று கேட்டேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் பட்டியலை எங்கள் சங்கத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள். சுபேதார் பெயரை இன்னும் அடிக்கவில்லை. அதனால் கடைசியில் ஒரு பை மிஞ்சியது. அந்தப் பெண் எழுந்து வந்து என்னிடம்தான் கேட்டாள், நான் முன்வரிசையில் இருந்தேன். "இந்த ஊரில் விட்டுப்போனவர் யாராவது இருக்கிறார்களா தாத்தா?"

"இல்லையம்மா" என்றேன்.

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டுச் சித்தப்பா எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கேட்கும் தூரம்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எருமையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனான்.

தம்பி, உனக்கு வேலை அதிகமாக இருக்கும். அதிகமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வெளியிலேயே பொழுதைப் போக்குகிறவர்கள் டீயைக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள். நான் அப்படிக் கெடுத்துக்கொண்டவன். அல்சூரில் ரெக்ரூட்டாக இருந்தபோது ஞாயிறு அவுட்பாஸ் கிடைத்தால் லால்பாக்குக்குத்தான் போவேன். கையில் காசு இருக்காது. அந்தப் பெரிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். நல்ல இடம். ஆனால் நாள் முழுக்க உட்காரும் இடம் இல்லை.

படையிலிருந்து எழுதும் கடிதத்தில் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. விலாசம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். "இங்கே குளிர். நான் நலம்." இப்படியே எத்தனை கடிதம். உன் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்து முடித்ததும் இன்னொரு தடவை படியுங்கள் என்பாளாம். அவர் மறுபடி படித்தால், "பிள்ளைக்கு என்னவோ சரியில்லை" என்று அடுப்படிக்குப் போய்விடுவாளாம். நான் நலம் என்று மட்டும்தானே எழுதியிருப்பேன்! எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது புரியவில்லை. மாதம் 5-ஆம் தேதி தவறாமல் நீ அனுப்பும் பணம் வருகிறது. பேச்சுத்தான் வருவதில்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் 1969-இல் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பசந்தர் ஆற்றங்கரைக் கதையை நான் உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். 1971 பாகிஸ்தான் போர், டிசம்பர் 15 ராத்திரி, ஷகர்கர் பக்கம், மிதிவெடி வயலில் டாங்கிகளுக்குப் பாதை எடுத்தது, பாதை முழுக்கச் சுத்தமாகும் முன்பே பூனா ஹார்ஸ் டாங்கிகள் துணிந்து உள்ளே புகுந்தது, எல்லாம் உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் வெள்ளை நாடாவை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போனவன் சித்தப்பா. அவன் கை வைத்துப் பார்த்த மண்ணில்தான் நான் கை வைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க.

1975-இல் அவன் அப்பா இறந்தார். அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தங்கைக்குப் பதினோரு வயது. சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். ஆறு வருட சர்வீஸ். பென்ஷனுக்குப் பதினைந்து வருடம் வேண்டும். ஒரு பைசா கிடையாது. நடத்தை நன்று என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை ஊரில் யாருக்குப் படிக்கத் தெரியும்? மிதிவெடிக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

1976 பொங்கலுக்கு லீவில் வந்தேன். லான்ஸ் நாயக் பட்டை போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. டீக்கடைப் பெஞ்சில் என்னை நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்கள்: "உன் கூட்டாளி ஓடி வந்துவிட்டானாமே, நிஜமா?" எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் டீயை ஊதிக்கொண்டு, "அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்றேன். அதற்கு ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். ஊரில் ஓடாமல் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அந்த மாசி மாதமே பின்வாங்கினார்கள். அப்புறம் அவன் டீக்கடைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பால் ஊற்றுவதுகூடச் சொசைட்டிக்கு மட்டும்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு ராத்திரி பெட்டியோடு வந்து நின்றாய். அந்தப் படிப்பு வரவில்லை, வேறு ஏதாவது படிக்கிறேன் என்றாய். அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "பாதியில் விட்டு வந்தவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று கடைசி வீட்டுச் சித்தப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றேன். நீ தட்டைத் தொடவில்லை. விடிகாலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனாய். படித்து முடித்தாய், வேலை வாங்கினாய், வீடு வாங்கினாய். என் பிள்ளை எதையும் பாதியில் விட்டதில்லை என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெருமைதான், இப்போதும் பெருமைதான். ஆனால் உன்னை அன்றைக்குத் திருப்பி அனுப்பிய பேச்சு பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

ஞாயிறு ராத்திரி தூக்கம் வரவில்லை. பையில் இருந்த தாளை அந்த டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். ஹவில்தார் வரைக்கும் உள்ளவர், அறுபத்தைந்து வயது ஆனவர், பென்ஷன் இல்லாதவர் என்றால் கொடிநாள் நிதியிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை இந்த நவம்பர் முதல் தேதியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். அவனுக்குப் பத்து வருடமாகக் கிடைத்திருக்க வேண்டியது. சங்கத்தில் இருக்கும் எனக்கே தெரியவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? பென்ஷன் இல்லாதவனைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

திங்கள் காலை பால் கறக்கும் நேரத்துக்குப் போனேன். பையை அப்படியே கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தேன். (பெட்டியும் ஹார்லிக்ஸும் இல்லை, அவை உன் அம்மா வசம்.) என்னவோ சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை எடுத்துக் கொட்டகைக் கூரையில் அடித்துப் பார்த்தான். "நல்ல வெளிச்சம். அன்றைக்கு இதைப் போட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம்" என்றான். பிறகு சிரித்தான். ஐம்பது வருடம் கழித்து அவன் வீட்டு டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தான். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

வரும் திங்கட்கிழமை, 15-ஆம் தேதி, அவனை வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன். விண்ணப்பம் ஆன்லைனில் போட வேண்டுமாம். ஆங்கிலம், கடவுச்சொல், போனுக்கு வரும் எண், ஸ்கேன் என்று என்னவெல்லாமோ சொல்கிறார்கள். எங்கள் இரண்டு பேர் விரலும் ரேகை தேய்ந்தவை. கணினி தெரிந்த ஆள் ஒருவன் கூட இருந்தால் நல்லது. உனக்கு லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை.

நீ அனுப்பிய மூன்று மாதப் பணம் அஞ்சலகத்தில் அப்படியே கிடக்கிறது. ஜனவரியில் அனுப்ப வேண்டாம். என் பென்ஷனே எங்களுக்கு மிச்சம்தான். வீட்டுக் கடன் தவணைக்கு வேண்டுமென்றால் எடுத்துத் தருகிறேன், கேட்க வேண்டியதுகூட இல்லை, எவ்வளவு என்று மட்டும் சொல். மருமகளுக்கு இன்னும் தெரியாது என்றால் எங்கள் வழியாகத் தெரியவராது.

ஞாயிறு மதியம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வேலூரில் இறங்கினால் நம் ஊர்க் கடைசி பஸ் ஒன்பதரைக்கு. தவறினால் போன் செய், சித்தப்பா பேரனிடம் வண்டி இருக்கிறது, அனுப்புகிறேன். அம்மா தட்டு போட்டு வைத்திருப்பாள். வழியில் ஆம்பூரில் எதையாவது சாப்பிட்டுக்கொள், அதுவரை பட்டினியாக வராதே.

அப்பா