உன் மவுஸின் சக்கரத்தைப் பற்றி

அன்புள்ள சுந்தரத்திற்கு,

வணக்கம். கடிதம் கண்டேன். மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் பெரும் மகிழ்ச்சி. மவுஸின் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறது என்றும், அதை எறிந்துவிட்டு வேறு வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். பொறு, எறிந்துவிடாதே.

பழுது பெரும்பாலும் சக்கரத்தில் இருக்காது. அதன் அச்சைத் தாங்கும் என்கோடர் என்னும் சிறு உறுப்பில்தான் இருக்கும். அதனுள்ளே உலோகத் தகட்டின்மீது உரசிச் செல்லும் தொடுமுனைகள், ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரண்டு மின்குறிப்புகளைத் தருகின்றன; எது முந்துகிறது என்பதைக் கொண்டே மவுஸ் உருட்டும் திசையை அறிகிறது. தூசி படிந்தோ, உலோகம் களிம்பேறியோ, தேய்ந்தோ ஒரு குறிப்பு தவறினால், திசையும் தவறிவிடும்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் பந்து வைத்த மவுஸைத் திறந்து உருளைகளில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவோமே, அந்த உருளைகளின் முனையில் துளையிட்ட வட்டுகள் இருந்தன; அவற்றின் ஊடே அகச்சிவப்பு ஒளி விட்டுவிட்டுப் பாயும். அதே முறையில் இயங்கும் உருள் சக்கரங்களும் உண்டு. அங்கே உரசும் தொடுமுனை இல்லாததால், இந்தத் தேய்மானமும் இல்லை. 1996இல் மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் சக்கரத்தை எங்கும் பரவச் செய்தது. ஆப்பிள் 2005இல் மைட்டி மவுஸின் மேற்புறத்தில், சக்கரத்துக்குப் பதிலாகச் சிறு பந்தை வைத்தது. அதில் அழுக்கு சேர்ந்தால் திறந்து துடைப்பது எளிதாக இல்லை. லாஜிடெக் 2019இல் எம்எக்ஸ் மாஸ்டர் 3இன் சக்கரத்தில், படிப்படியாகத் தட்டும் உணர்வைப் பற்களுக்குப் பதிலாக மின்காந்தத்தால் உண்டாக்கியது.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பொத்தான்கள் இத்தனை கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்று பெட்டியின்மீது பெருமையாக அச்சிடுகிறார்கள். நாள் முழுவதும் நம் விரல் உருட்டும் சக்கரத்தின் ஆயுளை அரிதாகவே சொல்கிறார்கள். வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இணைப்பைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தில் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும் திருகுகளை எடு. என்கோடரில் ஒரு துளி ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுச் சக்கரத்தைப் பலமுறை சுழற்றி, நன்றாக உலரவிடு. பெரும்பாலும் சில காலத்துக்கு அது சரியாகிவிடும். மீண்டும் துள்ளினால் என்கோடரையே மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும். விலை அதிகமில்லை, ஆனால் உயரம் பழையதோடு பொருந்தாவிட்டால் சக்கரம் சரியாக உட்காராது. ஆகவே என்கோடர் பொருத்தியிருக்கும் மின்சுற்றுப் பலகையிலிருந்து அதன் அச்சுத் துளையின் நடுப்பகுதி வரை மில்லிமீட்டரில் அளந்து எழுது. இங்குள்ள மின்னணுக் கடையில் வாங்கி அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்