தடைக்காலத்துல ஆணித்தறி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரம் தங்கச்சிமடத்துல நாங்க நாலஞ்சு பேரு ஆணித்தறில சதுரத் துணி நெய்யறோம், ஆணித்தறின்னா 4 இஞ்ச் மரச்சட்டம், அதைச் சுத்தி ஆணி அடிச்சிருக்கும், நூலை மூணு அடுக்கா ஆணில சுத்திட்டு நாலாவதை நீள ஊசியால மேல கீழன்னு கோத்து எடுத்தா ஓரம் பிரியாது. வலை பின்னுன கைக்கு இது சுளுவா வருது.

ரெண்டு சதுரத்தை ஒண்ணா வச்சுத் தச்சா சட்டி பிடிக்கிற துணி, ஆனா காட்டன் நூல்தான் போடணும், அக்ரிலிக் சூட்டுல உருகும், எங்க மதினிக்கு விரல்ல ஒட்டிச் சுட்டுடுச்சு. 18 சதுரம் சேர்த்தா மார்க்கெட் பை, உள்ள பழைய சேலைத்துணி லைனிங் கண்டிப்பா குடுங்க.

பனையோலைக் கூடை மாதிரி இதையும் மகளிர் குழுக்களுக்குச் சொல்லிக்குடுக்க ஏற்பாடு பண்ணணும் ஐயா.

வாசகி, தங்கச்சிமடம்