‘பூஸ்ட்’ பட்டனை அழுத்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலும் சுற்று வட்டாரத்திலும் நெய்யும் சேலைகளை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்பவர்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு நடுவே வியாபாரம் பார்க்கும் பெண்கள் அதில் நிறைய. விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மாதத்தில் “இதெல்லாம் வேலைக்கு ஆகாது” என்று விட்டுவிடுபவர்களும் நிறைய. விளம்பரம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. விசாரிக்க ஆளைக் கூட்டி வருவதோடு அதன் வேலை முடிந்தது. வந்த ஆளை வாடிக்கையாளர் ஆக்கும் வேலைக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. சிறு வணிகர்களின் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால், எங்கே காசு ஒழுகுகிறது என்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் கணக்கு. ஒரு சேலை 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 560, கூரியர் 70, கவரும் டேப்பும் 15, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே பிடித்தம் 2 விழுக்காடு என்றால் 17. கையில் நிற்பது 188. விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வாட்ஸ்அப்பில் விசாரிக்க 15 ரூபாய் செலவாகிறது, 12 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால் ஆர்டருக்கு 180 ரூபாய். எட்டு ரூபாயாவது மிஞ்சுகிறதே என்று தோன்றும். ஆனால் விளம்பரத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 180 என்பது 212.40 ஆகி, சேலைக்கு 24 ரூபாய் கைநட்டம். முன்பணமாக 1,000 ரூபாய் ஏற்றினால் விளம்பரத்துக்குப் போவது சுமார் 847தான் என்பதே பலருக்குத் தெரியாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் விளம்பரக் கணக்கில் தங்கள் எண்ணைப் பதிந்து வைத்தால் இந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

இதே கணக்கில் 12 பேருக்கு ஒருவர் என்பது எட்டுப் பேருக்கு ஒருவர் என்று மாறினால் ஜிஎஸ்டியோடு செலவு 141.60, மிச்சம் 46. ஆடியில் வாங்கியவர் தீபாவளிக்குத் தானாகத் திரும்பி வந்தால் 188 ரூபாயும் முழுசாக நிற்கும். லாபம் இரண்டாவது ஆர்டரில்தான் இருக்கிறது. முதல் ஆர்டரில் கை கடிக்காமல் இருந்தாலே போதும்.

இனி விளம்பரம் போடும் விதம். பதிவுக்குக் கீழே, காசு கட்டி அதை விளம்பரமாக்க இருக்கும் ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்தி, லைக், கமென்ட் வரட்டும் என்று விட்டால், யாருக்கு லைக் போடும் பழக்கம் உண்டோ அவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். கேட்டதைத்தான் அந்த இயந்திரம் கொடுக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், வாட்ஸ்அப்பில் உரையாடல் தொடங்குவதை இலக்காக வையுங்கள். வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் கிடைத்தால்தான் ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டுவது என்று இயந்திரம் பழகும் ‘கற்றல்’ கட்டத்தைத் தாண்டும். நாளுக்கு 200 ரூபாய் பட்ஜெட்டில் விற்பனையையே இலக்காக வைத்தால் அந்த 50 கனவிலும் வராது. உரையாடல் 15 ரூபாய்க்கு வந்தால் வாரம் 90 வரும். அதற்குள் தினமும் படத்தை மாற்றுவது, வயதை மாற்றுவது, பட்ஜெட்டை ஒரேயடியாக இரட்டிப்பாக்குவது என்று கையை வைத்துக்கொண்டே இருந்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் பொறுங்கள்.

மொழித் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. தமிழர்களுக்குத்தானே விற்கிறோம் என்று மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று குறித்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு பார்ப்பது ஃபேஸ்புக்கை எந்த மொழியில் வைத்திருக்கிறார்கள் என்பதை. தமிழ் பேசுகிறவர்களில் பலர் அதை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். எனவே மொழியைக் காலியாக விட்டு, ஊரைக் குறித்து, விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். இடம் குறிக்கும்போது ‘இந்தியா’ என்று விட்டுவிடவும் வேண்டாம். பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்து சரக்கை அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எல்லையை விரியுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு விசாரிப்பவருக்குக் காலை ஒன்பது மணிக்குப் பதில் போனால், அதற்குள் அவர் நான்கு கடை பார்த்திருப்பார். நாள் பட்ஜெட்டுக்குப் பதில் மொத்த பட்ஜெட் என்று வைத்தால், எந்த நேரத்தில் விளம்பரம் ஓட வேண்டும் என்று குறிக்க முடியும். பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட விடலாம்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் குரூப்பில் அனுப்பும் அதே படத்தை நூற்றுக்கணக்கான மறுவிற்பனையாளர்கள் போடுகிறார்கள். பார்ப்பவருக்கு விலையைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. பிறகு பத்து ரூபாய் குறைத்தவரிடம் போய்விடுவார். சரக்கை வாங்கி, ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் நீங்களே எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் பொய்யாகத்தான் வந்திருக்கிறது. முந்தி, பார்டர், உடல், ரவிக்கைத் துண்டு நான்கும் தனித்தனியே தெரிய வேண்டும். பார்டர் மேல் கையை வைத்து ஒரு படம் எடுத்தால் அகலம் புரிந்துவிடும். துணியின் பின்பக்கத்தையும் ஒரு தடவை காட்டுங்கள். உள்ளே நூல் தொங்குகிறதா, கொலுசு மாட்டினால் இழுக்குமா என்பதைத்தான் வாங்குகிற பெண்கள் பார்க்கிறார்கள். நிறத்தை எழுத்திலும் சொல்லுங்கள்: அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள். ஃபோன் திரைக்குத் திரை நிறம் மாறும், இந்தச் சொற்கள் மாறாது. ‘நிறம் வேறாக இருக்கிறது’ என்று சேலை திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியரும் உங்கள் தலையில்தான்.

ரீல்ஸ் என்றால் நெட்டுப் படம், 1080-க்கு 1920. விலையையும் ஊரையும் நடுவில் எழுதுங்கள். அடியில் எழுதினால் கணக்கின் பெயரும் பட்டன்களும் மறைத்துவிடும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைத்து விளம்பரமாக ஓட்டினால் உரிமைப் பிரச்சினையில் நிற்கும். மெட்டாவே இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பு இருக்கிறது, கேட்கச் சுமார்தான், ஆனால் வம்பில்லை. பாலியெஸ்டரை ‘சாஃப்ட் சில்க்’ என்று கூப்பிடுவது சந்தை வழக்கமாகிவிட்டது. விளம்பரத்தில் ‘பட்டு’ என்று எழுதினால் விஷயம் வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்து பேசுகிற இன்ஸ்டா பிரபலமும் அதிலிருந்து தப்ப முடியாது. அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அவரிடம் பணம் கொடுக்கும் முன், பின்தொடர்பவர்கள் எந்தெந்த ஊர் என்று காட்டும் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லட்சம் பேர் இருந்து பாதிப் பேர் வடமாநிலம் என்றால் அந்தக் காசு உங்களுக்கானதல்ல.

விளம்பரத்திலிருந்து வருகிறவர் அனுப்பும் முதல் செய்தி பெரும்பாலும் அவர் டைப் செய்ததே அல்ல. தானாக நிரம்பி நிற்கும் வாசகம், விரல் பட்டுப் போயிருக்கும். அதற்கு “சொல்லுங்க மேடம்” என்று மட்டும் பதில் போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “வணக்கம்மா. இந்தச் சேலை 850, தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து. ரவிக்கைத் துண்டு உண்டு. அரக்கு, மயில்கழுத்து இரண்டும் கையில் இருக்கிறது, எதை வீடியோ எடுத்து அனுப்பட்டும்?” விலை, கூரியர், இருப்பு, ஒரே ஒரு கேள்வி. இதை வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாகச் சேமித்துவிட்டால் இரண்டு எழுத்துத் தட்டினால் போதும். விலையை மறைத்து “இன்பாக்ஸ் வாங்க” என்று இழுப்பதை வாங்குகிறவர்கள் வெறுக்கிறார்கள். விசாரித்தவர், பணம் கட்டியவர், அனுப்பியாகிவிட்டது, திரும்ப வாங்கியவர் என்று லேபிள் போட்டு வையுங்கள். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு செய்தி அனுப்பி, “எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள், புது வரவு அனுப்புகிறோம்” என்று கேளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இதைச் செய்யாமல் எண் பட்டியலை விலைக்கு வாங்கி, கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் பத்துப் பேர் புகார் அழுத்துவார்கள், எண் முடங்கும். பல வருட வாடிக்கையாளர் தொடர்பும் அதோடு போய்விடும்.

இனி மனிதர்கள். சேலைக்காரருக்கு உண்மையில் ஆள் அனுப்பக்கூடியவர்கள் யார்? ஆரி வேலை செய்பவர், டெய்லர், பியூட்டி பார்லர் வைத்திருப்பவர், கல்யாண ஃபோட்டோகிராபர். முகூர்த்த மாதத்துக்கு முன்பே கல்யாண வீட்டோடு பேசுகிறவர்கள் இவர்கள். ஒரே தொழிலில் ஒருவரை மட்டுமே சேர்த்து வாரந்தோறும் கூடும் வணிகக் குழுக்கள் நகரங்களில் உண்டு. கட்டணம் கட்ட முடிந்தால் சேரலாம். முடியாவிட்டாலும் உங்கள் பகுதியில் இப்படி இருபது பேரை நீங்களே எழுதிக்கொள்ளலாம். கூட்டத்தில் நூறு விசிட்டிங் கார்டு நீட்டுவதால் ஒன்றும் ஆவதில்லை. நான்கு பேரிடம் நின்று பேசி, அவருக்கு எந்த மாதிரி வாடிக்கையாளர் வேண்டும் என்று கேளுங்கள். அன்று மாலையே, பேசியதைக் குறிப்பிட்டு ஒரு செய்தி. அந்த வாரத்துக்குள் அவருக்கு ஓர் ஆளை அனுப்பி வையுங்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து மாதிரிதான் இது. நோட்டில் முதலில் நம் பெயர் எழுதியிருந்தால்தான் நாம் விருந்து வைக்கும்போது கேட்க வாய் வரும்.

கமிஷன் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் டெய்லர் அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் 50 ரூபாய் என்றால், அடுத்த கடை 75 கொடுக்கும்போது அவர் அங்கே போவார். அவருடைய வாடிக்கையாளரின் சேலையில் குறை இருந்தபோது முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்திருந்தால் போக மாட்டார். சக வியாபாரிகளையும் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒருவரிடம் தீர்ந்த நிறம் இன்னொருவரிடம் இருக்கும், ஏமாற்றும் வாடிக்கையாளர் எண் யாருக்காவது தெரிந்திருக்கும்.

விளம்பரம் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்சிகளைப் பற்றி, எங்கள் தொழில் என்றாலும் சொல்லிவிடுகிறோம். விளம்பரக் கணக்கை ஏஜென்சியின் பெயரில் திறக்க விடாதீர்கள். பிசினஸ் கணக்கும், பேஜும், கார்டும் உங்களுடையதாக இருக்க, ஏஜென்சிக்குப் பார்ட்னர் அனுமதி மட்டும் கொடுங்கள். அப்படிச் செய்யாதவர்கள் ஏஜென்சியை மாற்றும் நாளில், இதுவரை விசாரித்தவர்களின் விவரமும் விளம்பர வரலாறும் இல்லாமல் வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள். அட்மினாக வீட்டில் இன்னொருவரையும் சேர்த்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்’ என்று இன்பாக்ஸில் வரும் இணைப்பு, கணக்கைத் திருடும் மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

மாவட்டத் தொழில் மையங்களுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு நடத்துவதாக இருந்தால் ஒரு முழு நாளாக வைக்காமல், இரண்டு அரை நாட்களாகப் பிரித்து நடுவில் பத்து நாள் இடைவெளி விடுங்கள். முதல் அமர்வில் அவரவர் பெயரில் கணக்கு, விரைவுப் பதில், லேபிள், ஒரு சேலையின் லாபக் கணக்கு. இடையில் நாளுக்கு 100 ரூபாயில் ஒரே ஒரு விளம்பரம். இரண்டாவது அமர்வுக்கு வரும்போது உரையாடல் எத்தனை, விற்பனை எத்தனை, பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று மூன்று எண்களை எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டாவது வகுப்பைப் பயிற்சியாளர் தயாரிக்கவே தேவையில்லை, அந்தத் தாள்களை வைத்தே நடத்திவிடலாம்.

இப்படிக்கு,
சிறு வணிக விளம்பரப் பணியில் இருக்கும் வாசகர்கள்,
சேலம்.