அக்காவின் கிட்னியை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அக்கா கொடுத்த கிட்னியை எனக்குப் பொருத்திய ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்று ஆரம்பித்தால் அது முடிகிற வேலையாகத் தெரியவில்லை, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அக்கா. அவளிடம் நன்றி என்று சொன்னால் "போடா வேலையைப் பாரு" என்பாள், எனவே அத்தானுக்குச் சொல்லிக்கொள்கிறேன். பெண்டாட்டியின் கிட்னியை மச்சினனுக்குக் கொடுக்கச் சம்மதிப்பது சின்ன விஷயமில்லை. அனுமதிக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார் அத்தான்.

டயாலிசிஸ் யூனிட் தம்பிகளே, உங்களையும் மறக்கவில்லை. ரத்தம் ஏறுவதற்காக நீங்கள் தோலுக்கடியில் போட்ட எரித்ரோபோய்ட்டின் ஊசிதான் அந்த நாட்களில் என்னை மாடிப்படி ஏறவைத்தது. அதுவும் ஒரு சைட்டோகைன்தான், அதாவது செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதம், நல்ல கிட்னி தானாகவே சுரப்பது. இப்போது அக்காவின் கிட்னி அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது.

கிட்னி பொருத்திவிட்டால் அதோடு எல்லாம் சரி என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கூடப்பிறந்தவள் கொடுத்ததை உடம்பு எப்படித் தள்ளும் என்று சித்தப்பா இன்றும் கேட்கிறார். சித்தப்பா, கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே திசுப் பொருத்தம் முழுதாக அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். எங்களுக்குப் பாதி பொருந்தியது. பொருந்தாத பாதியை என் டி செல்கள், அதாவது உடம்பைக் காவல் காக்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள், அந்நியமாகத்தான் பார்க்கும். பார்த்ததும் இன்டர்லூக்கின்-2 என்கிற சைட்டோகைனைச் சுரக்கும், அந்தச் சேதி கிடைத்த டி செல்கள் மளமளவென்று பெருகிப் போய் அக்காவின் கிட்னியைத் தாக்கும்.

நான் உயிரியல் வாத்தியார். இருந்தும் இதுவும், இதைத் தடுக்க எனக்குக் கொடுத்த மருந்துகளின் வேலையும் எனக்கு உறைத்தது வார்டு சிஸ்டர் சொன்ன பிறகுதான். "இன்டர்லூக்கின் ஊரைக் கூட்டுகிற தமுக்கு மாதிரி சார். டாக்ரோலிமஸ் தமுக்கை அடிக்கவே விடாது. பசிலிக்ஸிமாப் கேட்கிறவன் காதைப் பொத்திவிடும். அதையும் மீறிக் கிளம்புகிறவர்களை மைக்கோஃபீனோலேட் பெருகவிடாது." ஸ்டீராய்டைப் பற்றிக் கேட்டேன். "அது எல்லாரையும் அதட்டி உட்காரவைக்கும், கூடவே உங்க சுகரையும் ஏத்திவிடும்" என்றார். சிஸ்டர், இந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோய் எதிர்ப்புப் பாடத்தை உங்கள் வார்த்தையிலேயே நடத்தினேன், காப்புரிமை கேட்காதீர்கள்.

அந்தப் பசிலிக்ஸிமாப், ஆபரேஷன் அன்று ஒன்று, நாலாம் நாள் ஒன்று என்று 20 மில்லிகிராம் குப்பி இரண்டு. எலியின் ஆன்டிபாடிப் பகுதியையும் மனித ஆன்டிபாடிப் பகுதியையும் சேர்த்துச் செய்த மருந்து. டி செல்லின் மேல் இன்டர்லூக்கின்-2 வந்து உட்காரவேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய் இது உட்கார்ந்துகொள்ளும். 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டுமாம். மொத்த மருந்துக் கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் நோட்டுப் புத்தகத்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவன்! அதற்குப் பணம் திரட்டிய அவன் செட் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், நன்றாயிருங்கள்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இருமல் விடாமல் இருந்ததால் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போனேன். அதில் கிளாரித்ரோமைசின் இருந்தது. மாத்திரையை எடுக்கப் போன கை அப்படியே நிற்க, "சார், நீங்க டாக்ரோலிமஸ் சாப்பிடறீங்கல்ல?" என்று கேட்டவர், கடையில் கூட்டம் நிற்கும்போதே என்னிடம் நம்பர் வாங்கி டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் மேடத்துக்குப் போன் போட்டுவிட்டார். டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அந்த ஆன்டிபயாடிக் முடக்கிவிடுமாம். பிறகு வழக்கமான டோஸே ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறி, எந்தக் கிட்னியைக் காக்கச் சாப்பிடுகிறோமோ அதையே கெடுத்துவிடும். மேடம் டாக்டரிடம் கேட்டு வேறு மருந்து சொன்னார். அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம்.

மேடத்துக்கும் ஒரு கும்பிடு. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் பார்க்க ரத்தம் கொடுக்கிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் வரவேண்டும் என்று முதல் நாளே ஞாபகப்படுத்துவார். எனக்கு ஆரம்பத்தில் வைத்த இலக்கு மில்லிலிட்டருக்கு 8 முதல் 10 நானோகிராம். குறைந்தால் உடம்பு கிட்னியைத் தள்ளப் பார்க்கும், கூடினால் கை நடுங்கும். எனக்கு நடுங்கியது. கரும்பலகையில் நான் வரைந்த செல்லின் சுவர் அலையடித்தபோது சிரிக்காமல் படம் வரைய முன்வந்த முதல் பெஞ்சுப் பெண்ணுக்கும் நன்றி.

இந்த மருந்துகள் கிட்னியை மட்டும் தேடிப்போய்க் காப்பதில்லை, கிருமியோடு சண்டை போடும் வலுவையும் சேர்த்தே குறைத்துவிடும். அதைப் புரிந்துகொண்டு மூடிய ஹாலில் மேற்பார்வை போடாமல் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போன் போட்டுச் சொன்ன மாணவனின் அம்மாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் போனுக்கு அப்புறம்தான் மறுநாளே டாக்டரைப் பார்க்க முடிந்தது.

என்னைத் தெரியவே தெரியாத சிலருக்கும் சொல்ல ஆசை. 1984-ல் ஜப்பானின் த்சுகுபாவில் மண்ணை எடுத்து, அதிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸைப் பிரித்தெடுத்த ஆராய்ச்சியாளர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பரவாயில்லை.

யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாமல் போன் போட்டுத் திட்டுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் வேண்டாம், அது மாத்திரை நேரம், போனை அக்கா எடுத்துவிடுவாள்.